நாகானோ மலைக் கிராமத்தில் ஆளில்லாத பழைய வீடு: கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முகிலன்_நாகோயா கேட்டது:

வணக்கம். நாகானோ மாகாணத்தின் தென்பகுதியில் ஒரு கிராமத்து யாகுபா (ஊராட்சி அலுவலகம்) நடத்தும் அகியா (ஆளில்லாத வீடு) பட்டியலில் ஒரு வீடு வந்திருக்கிறது. விலை 8 லட்சம் யென். 1974-இல் கட்டியது. கீழ்த்தளமும் மேல்மாடியும் சேர்த்து 118 சதுர மீட்டர் மரவீடு, மேலே கவாரா ஓடு. ஒட்டியிருக்கும் சின்ன வயலையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். ஏழு வருஷமாக ஆள் குடியில்லை. கழிப்பறை வண்டி வந்து உறிஞ்சும் குமிதோரி வகை. நான் வேலை விசாவில் இருக்கிறேன், நிரந்தர வசிப்புரிமை இல்லை. முதலில் வார இறுதிகளில் தங்கி, பிறகு அங்கேயே குடியேற எண்ணம். எந்தக் காகிதங்களைப் பார்க்க வேண்டும், வீட்டில் எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும், மொத்தச் செலவை எப்படிக் கணக்குப் போடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்திரம்_முதலில்:

ஜப்பானில் வெளிநாட்டவர் எந்த விசாவில் இருந்தாலும் நிலமும் வீடும் தன் பெயரில் வாங்கலாம். ஆனால் வீடு வாங்கினால் விசா கிடைக்கும் என்பது இல்லை. வங்கிக் கடனை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நிரந்தர வசிப்புரிமை இல்லாமல், இந்த வயது மரவீட்டுக்குக் கடன் கிடைப்பது மிகவும் அரிது. கையில் முழுப் பணம் இருக்க வேண்டும்.

வீட்டைப் பார்க்கக் கிளம்பும் முன் ஹோமுக்யோகுவில் (பதிவு அலுவலகம்) தோகி சான்றிதழ் எடுங்கள். நம்மூர் பட்டாவும் வில்லங்கச் சான்றும் ஒன்றாக இருப்பது போன்றது. நேரில் விண்ணப்பித்தால் 600 யென். உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மனைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று எனத் தனித்தனியாக வாங்குங்கள். கூடவே கோசு என்கிற மனை வரைபடமும்.

சான்றிதழில் முதலில் உரிமையாளர் பெயரைப் பாருங்கள். காலமான தாத்தாவின் பெயர் இன்னும் இருந்தால், இப்போது விற்க வருபவர் வாரிசுகளில் ஒருவர் மட்டுமே. மற்ற வாரிசுகள் எல்லோரும் பாகப் பிரிவினைக் காகிதத்தில் முத்திரை வைத்து, பெயர் மாறிய பிறகுதான் உங்களுக்கு விற்க முடியும். 2024 ஏப்ரல் 1 முதல் வாரிசுப் பதிவு கட்டாயம். மூன்று வருஷத்துக்குள் செய்யாவிட்டால் 1 லட்சம் யென் வரை அபராதம். ஆகவே பதிவை முடித்துவிட்டு வரச் சொல்ல உங்களுக்கு முழு நியாயம் உண்டு. பெயர் மாறும் வரை முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். அடுத்து, தீராத அடமானம் ஏதாவது பதிவில் நிற்கிறதா என்று பாருங்கள். பழைய விவசாயக் கூட்டுறவுக் கடன் அடைந்த பிறகும் பதிவிலிருந்து நீக்காமல் கிடப்பது கிராமங்களில் சகஜம்.

அப்புறம் நில வகை. மனை என்று பதிவாகியிருந்தால் சரி. வயல், தோட்டம் என்றிருந்தால் விவசாய நிலச் சட்டத்தின் 3-வது பிரிவுப்படி ஊராட்சியின் விவசாயக் குழு அனுமதி தர வேண்டும். அனுமதி இல்லாமல் அந்த நிலம் உங்கள் பெயருக்கு மாறாது. முன்பு குறைந்தபட்சப் பரப்பு என்ற தடை இருந்தது. 2023 ஏப்ரலில் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் உண்மையில் பயிர் செய்வீர்களா என்று கேட்பார்கள், என்ன பயிர், என்ன கருவி என்று எழுதித்தர வேண்டியிருக்கும். நெடுநாள் தரிசாகி மரம் முளைத்துக் காடான நிலமென்றால், விவசாய நிலம் அல்ல என்ற சான்று பெற முடியுமா என்று அதே குழுவிடம் கேளுங்கள். சில சமயம் வீடு நிற்கும் மனையே பதிவில் தோட்டமாக இருக்கும், அதையும் கவனியுங்கள்.

சாலை விஷயம்: நகரத் திட்டப் பகுதிக்குள் இருந்தால், 4 மீட்டர் அகலச் சாலையை மனை 2 மீட்டராவது ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முடியாது. மலைக் கிராமங்கள் பல அந்தப் பகுதிக்கு வெளியே இருப்பதால் இந்த விதி பொருந்தாமலும் போகலாம். யாகுபாவின் கட்டுமானப் பிரிவில் மனை எண்ணைச் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள். அங்கேயே மண்சரிவு வரைபடத்தையும் கேளுங்கள். மஞ்சள் பகுதி எச்சரிக்கைப் பகுதி. சிவப்புப் பகுதியில் வீடு இருந்தால், என் கருத்து: விலை எதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

தச்சு_வேலை:

காகிதம் சரியென்றால் அடுத்தது தரைக்கு அடியில். மேலே தாதாமி பாய் சுத்தமாக இருப்பதும் சுவர் பளிச்சென்று இருப்பதும் ஒன்றையும் சொல்லாது. இந்த வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அஸ்திவாரத்தின் மேல் படுத்திருக்கும் தொதாய் என்ற அடிக்கட்டை.

தேவையானவை: தலைவிளக்கு, தூசி முகமூடி, பழைய முழுக்கைச் சட்டை, தட்டை முனைத் திருப்புளி, மர ஈரப்பதமானி. சமையலறைத் தரையில் திறப்பு இருக்கும். இல்லாவிட்டால் தாதாமியைத் தூக்கி, கீழ்ப்பலகையில் இரண்டைக் கழற்றி இறங்கலாம். விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேராகக் குளியலறைக்கு அடியில் போங்கள். 1970-களின் குளியலறை, சிமெண்ட் மேல் டைல் ஒட்டியது. டைல் சந்து விரிந்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கி அடிக்கட்டையையும் தூண் காலையும் நனைத்துக்கொண்டே இருக்கும். மரம் மெத்தென்று ஆனதும் கரையான் வரும். திருப்புளியை வைத்து அழுத்துங்கள். நல்ல மரத்தில் முனை சில மில்லிமீட்டர்கூட இறங்காது, டக்கென்று சத்தம் வரும். உளுத்த மரத்தில் சத்தமே இல்லாமல் பிடி வரை போகும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 30-ஐ நெருங்கினால் அழுகல் நடந்துகொண்டிருக்கிறது. அஸ்திவாரத்தின் பக்கவாட்டில் பென்சில் பருமனில் மண் குழாய் ஏறியிருந்தால் அது கரையான் பாதை. உடைத்துப் பாருங்கள், உள்ளே உயிர் இருக்கிறதா, பழையதா என்று தெரிந்துவிடும். ஒன்றிரண்டு தூண் கால்கள் மட்டும் உளுத்திருந்தால் பயப்பட வேண்டாம். ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழ்ப்பகுதியை வெட்டிப் புதுக்கட்டை இணைக்கும் நெத்சுகி முறை இருக்கிறது. மூலைத்தூண் உட்பட ஒரு பக்கம் முழுக்கப் போயிருந்தால் 8 லட்சம் வீட்டுக்கு அதைவிடப் பல மடங்கு செலவு வரும்.

சாய்வு: லேசர் மட்டம் வைத்து அளந்து பாருங்கள். 3 மீட்டர் தூரத்தில் 9 மி.மீ. வரை பெரிய கவலையில்லை. 18 மி.மீ. அல்லது அதற்கு மேல், அதாவது ஆயிரத்துக்கு 6, என்றால் கட்டமைப்பிலோ மண்ணிலோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். அஸ்திவாரத்தில் 0.5 மி.மீ.க்கு மேல் விரிசல் இருந்தாலும் அதையும் இதே கோளாறின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து அஸ்திவாரங்களில் கம்பி இல்லாதவை நிறைய.

கூரைக்கு மேலே ஏற வேண்டாம், ஓடு உடையும். அலமாரி மேற்பலகையைத் தள்ளிக் கூரைக்கு உள்ளே தலையை நீட்டி, பகலில் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரிகிற இடமும், மரத்தில் கறுப்பு வளையம் விழுந்த இடமும் ஒழுகல். பெரும்பாலும் ஓட்டில் தவறிருக்காது. இரு சரிவு சேரும் பள்ளத்தில் போட்ட செப்புத் தகடு, ஓட்டிலிருந்து நீர் சொட்டும் இடங்களில் மெலிந்து ஓட்டையாகியிருக்கும். துருப்பிடிக்காத தகடாக மாற்றினால் தீரும்.

முகிலன்_நாகோயா:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். நிலநடுக்கம் வந்தால் இந்த 1974 வீடு தாங்குமா? ஏழு குளிர்காலம் பூட்டிக் கிடந்த குழாய்களை எப்படிச் சோதிப்பது?

தச்சு_வேலை:

நிலநடுக்கத்துக்கான புதிய விதி 1981 ஜூன் 1-இல் அமலுக்கு வந்தது. உங்கள் வீடு பழைய விதி. 2024 ஜனவரி 1 நோதோ நிலநடுக்கத்தில் இப்படிப்பட்ட பழைய மரவீடுகள் ஏராளமாகக் கீழ்த்தளம் நசுங்கி விழுந்தன. 1981-க்கு முந்தைய மரவீடுகளுக்குப் பல ஊராட்சிகள் இலவசமாகவோ சிறு தொகைக்கோ பரிசோதகரை அனுப்புகின்றன. அவர் தரும் மதிப்பெண் 1.0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 0.7-க்குக் கீழே என்றால் பெரும் அதிர்வில் விழ வாய்ப்பு அதிகம். 1974 வீடு எந்த வேலையும் செய்யாமல் 1.0-ஐத் தொடுவது அபூர்வம், ஆகவே பலப்படுத்தும் செலவைக் கணக்கில் வைத்துவிடுங்கள். தூங்கும் அறை இருக்கும் கீழ்த்தளத்துச் சுவர்களில் தொடங்க வேண்டும். கனமான ஓட்டை இறக்கி உலோகத் தகடு போட்டால் மேல்பாரம் பெருமளவு குறையும்.

குழாய்_காரர்:

தண்ணீர் சோதனை எளிது. யாகுபாவில் சொல்லித் தற்காலிகமாகத் திறக்கச் சொல்லுங்கள். வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். முகப்பில் நட்சத்திரம் போன்ற சின்னச் சக்கரம் இருக்கும். எல்லாம் மூடியும் அது மெதுவாகச் சுற்றினால் எங்கோ கசிகிறது. அந்தக் குளிரில் தண்ணீரை வடிக்காமல் விட்டிருந்தால் வெந்நீர்க் கருவி வெடித்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழாயைச் சுற்றியிருக்கும் சூடேற்றி நாடாவை நம்பாதீர்கள். மின்சாரம் துண்டித்த வீட்டில் அது வேலை செய்யாது.

வாங்கிய பிறகு குளிர்காலத்தில் ஊருக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும்: மிசுநுகி வால்வை (வரும் தண்ணீரை நிறுத்தி, குழாயில் மிஞ்சியதை வடிக்கும் வால்வு) மூடுங்கள், எல்லாக் குழாய்களையும் திறந்து காற்று புக விடுங்கள், கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யுங்கள், வெந்நீர்க் கருவியின் வடிகால் மூடியைத் திறங்கள், கழுவு தொட்டிகளுக்குக் கீழே வளைகுழாயில் உறையாத திரவம் ஊற்றுங்கள். காற்றுப் புகாவிட்டால் தண்ணீர் முழுதும் இறங்காது, மிச்சம் உறைந்து குழாயைப் பிளக்கும்.

கழிப்பறைக்கு, தெருவில் பாதாள சாக்கடை இல்லாவிட்டால் ஜோகாசோ (வீட்டுக் கழிவுநீரை அங்கேயே சுத்திகரிக்கும்) தொட்டி. 130 சதுர மீட்டர் வரை 5 ஆள் அளவு போதும். பொருத்த ஏறக்குறைய 10 லட்சம் யென், ஊராட்சி உதவித்தொகை கிடைக்கலாம். சுத்திகரித்த நீர் எந்த ஓடையில் விழும், அந்த வாய்க்காலைப் பயன்படுத்தும் விவசாயிகள் சம்மதிக்கிறார்களா என்பதை வாங்கும் முன் கேளுங்கள். தொட்டிக்குள் காற்றைச் செலுத்தும் காற்றூதியை 24 மணி நேரமும் ஓடவிட வேண்டும். வார இறுதி வீடுதானே என்று அணைத்தால் கழிவைச் சிதைக்கும் கிருமிகள் செத்து நாற்றம் எடுக்கும். பொரித்த எண்ணெயையும் தாளித்த சட்டியின் எண்ணெயையும் காகிதத்தில் துடைத்த பிறகே கழுவுங்கள்.

பத்திரம்_முதலில்:

செலவுக் கணக்கு. 80 லட்சம் யென்னுக்கு உட்பட்ட வீடுகளுக்கு, 2024 ஜூலை முதல் தரகர் வரியோடு 3,30,000 யென் வரை கேட்கலாம். அதன் மேல் பதிவு வரி, ஷிஹோ ஷோஷி (பதிவு வழக்கறிஞர்) கட்டணம். சில மாதம் கழித்துச் சொத்து வாங்கிய வரிக்குத் தனியாக ஓலை வரும். அது நீங்கள் கொடுத்த விலைக்கு அல்ல, அரசு மதிப்பின் அடிப்படையில், பொதுவாக 3 சதவீதம். அதனால் அரசு மதிப்புச் சான்றை இப்போதே விற்பவரிடம் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் விற்பவருக்குக் குறைபாட்டுப் பொறுப்பு இல்லை என்ற வரி பெரும்பாலும் இருக்கும். எனவே தரைக்கு அடியில் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். வயலுக்கு அனுமதி கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் திரும்பும் என்று எழுதச் சொல்லுங்கள். உள்ளே கிடக்கும் சாமான்களை யார் அகற்றுவது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். டிவி, குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ஏசி நான்குக்கும் மறுசுழற்சிக் கட்டணம் தனி. புத்சுதான் (வீட்டுப் புத்தர் மாடம்) இருந்தால், கோயில் பூசாரியை வைத்து உரிய சடங்கு செய்து எடுத்துச் செல்ல விற்பவர் குடும்பத்தைக் கேளுங்கள். அது அவர்கள் செய்ய வேண்டியது.

உதவித்தொகைகளில் எல்லோரும் தவறவிடுவது வரிசை: முதலில் விண்ணப்பம், அடுத்து ஒப்புதல் கடிதம், அதற்குப் பிறகுதான் வேலை ஒப்பந்தம். முன்னால் தொடங்கினால் ஒரு யென்னும் கிடைக்காது. 2025 ஏப்ரல் முதல் மேல்மாடி உள்ள மரவீட்டில் தூண், உத்தரம், தரை போன்றவற்றில் ஏதாவது ஒன்றைப் பாதிக்கு மேல் மாற்றினால் கட்டிட அனுமதி வேண்டும். சமையலறை, குளியலறை மாற்றத்துக்கு வேண்டாம். கட்டிடக் கலைஞரிடம் திட்டத்தைக் காட்டி, அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று உறுதி செய்த பிறகு விலைப்புள்ளி வாங்குங்கள். வீட்டு வயதைப் பார்த்தால் அஸ்பெஸ்டாஸ் ஆய்வும் ஒப்பந்ததாரர் செய்தாக வேண்டும், அது விலைப்புள்ளியில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மலையூர்_செல்வி:

ஒன்று சேர்க்கிறேன். யாகுபாவில் அந்தக் குடியிருப்பின் ஊர்ச் சங்கத் தலைவர் யார் என்று கேட்டு, வாங்கும் முன்பே போய்ப் பாருங்கள். சேரும் கட்டணம், வருஷச் சந்தா, வாய்க்கால் தூர்வாரும் நாள், புல்வெட்டும் நாள், வராதவர் கட்ட வேண்டிய தொகை எல்லாம் அவருக்குத்தான் தெரியும். குப்பை போடும் இடம் பல ஊர்களில் சங்கத்துக்குச் சொந்தம். உறுப்பினர் ஆகாமல் அங்கே குப்பை வைக்க முடியுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். மனை எல்லைக்கல் எங்கே என்று பக்கத்து வீட்டுப் பெரியவரோடு நடந்து பார்த்து, புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.