புதுப்பிப்பு: பழைய ஜியான் சர்வரா, ரைசன் லேப்டாப்பா?

வீட்டில் ஓடும் ஜியான் ஈ5-2670 (இன்டெல் ப்ராசஸர்) சர்வருக்குப் பதிலாக ரைசன் 7 5700யூ (ஏஎம்டி ப்ராசஸர்) லேப்டாப் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்தாயிற்று.

கோட் கம்பைல் செய்வதில் (எழுதிய நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றுவதில்) லேப்டாப்தான் முந்துகிறது. இரண்டிலும் 8 கோர் (ப்ராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகள்), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்)தான். ஆனால் 2012-இல் வந்த ஜியானில் ஏவிஎக்ஸ்2 (பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் கட்டளைகள்) கிடையாது, டர்போவும் (தேவைப்படும்போது கூடும் உச்ச வேகம்) 3.3 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ரைசன் 4.3 வரை போகும். அதுவும் டிடிபி (ப்ராசஸர் வெளியிடும் வெப்பத்தின் அளவு) சர்வரின் 115 வாட் எங்கே, லேப்டாப்பின் 15 வாட் எங்கே!

எனக்குப் பிடித்த விஷயம் மெமரி. சர்வரில் நான்கு சேனல் (ரேமுக்கான தடங்கள்) டிடிஆர்3-1600 ரேம், லேப்டாப்பில் இரண்டு சேனல் டிடிஆர்4-3200 ரேம், கணக்குப் போட்டால் தரவு பரிமாறும் உச்ச வேகம் இரண்டுக்குமே வினாடிக்கு 51.2 ஜிபி.

சரி, சர்வரைத் தூக்கிப் போட்டுவிடலாமா? மாட்டேன். நீண்ட நேர வேலையில் லேப்டாப் சூடேறி வேகம் குறைகிறது. இசிசி ரேமும் (பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் ரேம்) அதில் இல்லை. விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரு கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினிகள்) சர்வரிலேயே இருக்கட்டும். முன்பு கேட்டபோது ரேமைக் கவனிக்கச் சொன்னவர்களுக்கு நன்றி.