மட் வெயிட் அனுபவங்கள்: ஏற்றுவதா, பொறுப்பதா?

ஆழ்கடல் கிணறு ஒன்றில் மட் இன்ஜினியராக இருந்தபோது பார்த்ததை எழுதுகிறேன், ஏனென்றால் இதே குழப்பம் இன்றும் பல ரிக்குகளில் நடக்கிறது. எண்ணெய்க் கிணற்றுத் துளையில் சுற்றவிடும் சேற்றுத் திரவம்தான் மட்; அதன் எடை குறைந்தால் பாறையிலிருப்பது உள்ளே வரும், கூடினால் பாறை உடையும். எட்டரை அங்குலத் துளை, 15,000 அடி தாண்டியாயிற்று. தொட்டியில் தராசு வைத்துப் பார்த்தால் மட் 13.8 பிபிஜி (ஒரு கேலனுக்கு இத்தனை பவுண்ட்). பம்ப் ஓடும்போது ஆன்யுலஸில் (பைப்புக்கும் துளைச் சுவருக்கும் நடுவே உள்ள இடத்தில்) ஏற்படும் உராய்வும் சேர்ந்து அடியில் அது 14.4 ஆகிவிடும், அதைத்தான் இசிடி என்கிறோம். கடைசியாக இறக்கிய இரும்புக் குழாயின் (கேசிங்) அடிமுனையில், அதாவது ஷூவில், பாறை எந்த அளவில் மட்டை வாங்கத் தொடங்கும் என்று பார்த்த லீக்-ஆஃப் டெஸ்ட் 14.5 தான். ஆக மேலே மிச்சம் 0.1 பிபிஜி. 0.052 ஐ அந்த வெயிட்டாலும் செங்குத்து ஆழத்தாலும் பெருக்கிப் பாருங்கள், 78 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் அழுத்தம்) வரும். ஐந்தாறாயிரம் பிஎஸ்ஐ பழகிய இடத்தில் அது ஒன்றுமே இல்லை.

கனெக்‌ஷனுக்காக (அடுத்த பைப்பைக் கோக்க) பம்பை நிறுத்தினார்கள். மேலே திரும்பி வரும் மட் (ரிட்டர்ன்) நிற்கவில்லை, தொட்டியில் அளவு ஏறிக்கொண்டே போனது. டிரில்லர் உடனே பிஓபியை (கிணற்றின் வாயை அடைக்கும் பெரிய வால்வுத் தொகுதியை) மூடினார். அது முழுக்கச் சரி. சந்தேகம் வந்தால் கிக் (பாறையின் எண்ணெயோ கேஸோ துளைக்குள் நுழைவது) என்றே எடுத்துக்கொண்டு மூட வேண்டும், அதில் விவாதமே கிடையாது. விவாதம் அதற்கு அப்புறம்தான். டிரில் பைப்பில் சின்ன அழுத்தம் காட்டியது, அதை அப்படியே மட் வெயிட்டாக மாற்றி 0.2 ஏற்றச் சொன்னார்கள். பேரைட் (எடை ஏற்றும் கனிமப் பொடி) போட்டோம், சுற்றவிட்டோம், பம்ப் வேகம் எடுத்ததும் மட் பாறைக்குள் போக ஆரம்பித்தது. பம்பை நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. இன்னும் ஏற்றலாம் என்று மறுபடி பேச்சு.

மட்லாகரும் (திரும்பும் மட்டையும் கேஸையும் கவனித்துப் பதிபவர்) நானும் சேர்ந்து பம்ப் ஓடும்போது போன அளவையும் நின்றபின் வந்த அளவையும் ஒரே தாளில் எழுதினோம். இரண்டும் ஏறக்குறைய சமம். வரும் வேகமும் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே போனது. நிஜக் கிக் என்றால் பாய்ம வேகம் கூடும், குறையாது. அடியிலிருந்து வந்த மட்டிலும் கேஸ் கூடவில்லை. இசிடியின் அழுத்தத்தில் பாறை விரிசல்கள் திறந்து மட்டை வாங்கிக்கொள்கின்றன, பம்ப் நின்றதும் மூடிக்கொண்டு திருப்பித் தருகின்றன. பலூனிங். இதற்கு வெயிட் ஏற்றுவது எரிகிற தீயில் எண்ணெய். படிப்படியாக 13.8க்கே இறக்கினோம், பம்ப் வேகத்தையும் குறைத்தோம், துளை அடங்கியது. ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் எவ்வளவு திரும்புகிறது, எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்பதை பிரச்சினை வருவதற்கு முன்பே பதிவு செய்து வைத்திருந்தால் ஒப்பிட ஏதாவது இருக்கும். தயவுசெய்து அதைச் செய்யுங்கள்.

—

நான் மட்லாகர். அண்ணன் சொன்னது சரி, ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு வருகிறதையெல்லாம் பலூனிங் என்று யாராவது ஒதுக்கிவிடுவார்கள். சிந்தெடிக் எண்ணெய் மட்டில் கேஸ் கரைந்துவிடும். தண்ணீர் மட்டில் தொட்டி உயர்ந்து காட்டிக்கொடுக்கிற கிக், எண்ணெய் மட்டில் ஆரம்பத்தில் சாதுவாக இருக்கும். மேலே வந்து அழுத்தம் குறைந்தபின்தான் பிரிந்து வீங்கும். ஆழ்கடலில் அது நடப்பது ரைஸருக்குள் (கடலடி பிஓபியிலிருந்து ரிக்குக்கு வரும் குழாய்க்குள்) என்றால் பிஓபிக்கும் மேலே போயாயிற்று, மூடினாலும் ரைஸரில் இருப்பது ரிக்குக்குத்தான் வரும்.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மகோண்டோ கிணற்றில் 11 பேர் இறந்ததை எல்லோரும் பிஓபி கதையாகவே பேசுகிறார்கள். எனக்கு அது மட் வெயிட் கதையும்தான். துளைக்கும்போதே, கிக்கைத் தடுக்கும் எடைக்கும் பாறையை உடைக்கும் எடைக்கும் உள்ள இடைவெளி அவ்வளவு குறுகி, திட்டமிட்ட ஆழம் போகாமல் 18,360 அடியில் நிறுத்தினார்கள். அப்புறம் 14 பிபிஜி மட்டை எடுத்துவிட்டு 8,300 அடிச் சொச்சம் வரை கடல்நீரை நிரப்பத் தொடங்கினார்கள். கடல்நீர் சுமார் 8.6. கணக்குப் போட்டால் அடியில் 2,000 பிஎஸ்ஐக்கும் மேல் குறைவு. கிணற்றின் அடியை அடைத்த சிமெண்ட் தாங்குகிறதா என்று பார்த்த நெகட்டிவ் டெஸ்டில் டிரில் பைப்பில் அழுத்தம் இறங்காமல் இருந்தது, அதைத் தவறாகப் புரிந்துகொண்டு தேறிவிட்டது என்று முடிவெடுத்தார்கள். நான் வேலை பார்த்த ஒரு கிணற்றில் இதே டெஸ்டில் சின்ன அளவு திரும்பி வந்தபோது ‘சூட்டில் விரிகிறது’ என்று ஒருவர் விளக்கம் கொடுத்தார். இருக்கலாம். கம்பெனி மேன் (ரிக்கில் எண்ணெய் நிறுவனத்தின் பிரதிநிதி) ஏற்கவில்லை, வால்வை மூடிக் காத்திருந்து மறுபடி டெஸ்ட் எடுக்க வைத்தார். அவர் மேல் அன்று வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

—

கரையில் சாய்வுக் கிணறுகளில் இருப்பவர்களுக்கு ஒன்று. பேரைட்டின் ஒப்படர்த்தி 4.2, மட்டின் ஜெல் (நிற்கும்போது இறுகித் தாங்கும் தன்மை) சரியில்லை என்றால் கீழே இறங்கத்தான் பார்க்கும். சாய்வு 30 முதல் 60 டிகிரிக்குள் இருந்தால் மோசம், கீழ்ச்சுவரில் படிந்து சரிந்து வரும். லாகிங்குக்காக (கருவி இறக்கிப் பாறையை அளப்பதற்காக) துளை சும்மா நின்றபின் பம்பைத் தொடங்கினோம், முதலில் 11.6, கொஞ்ச நேரத்தில் 13.1 என்று ரிட்டர்ன் வந்தது. உள்ளே விட்டது 12.2. லேசாக வந்ததைப் பார்த்ததும் கேஸ் என்று பதறினார்கள், பிரஷரைஸ்டு தராசில் (கலந்த வாயுவை அழுத்திச் சுருக்கி நிறுக்கும் தராசில்) வைத்தும் அதே 11.6 தான், அதாவது மட்டில் வாயு கலந்திருக்கவில்லை. பேரைட் சேர்க்காமல் முழுச் சுற்று ஓட்டி, பைப்பைச் சுழற்றிக் கலக்கினோம், 12.2க்கு வந்து நின்றது. அந்த லேசான மட்டுக்கு பேரைட் போட்டிருந்தால் பின்னால் வந்த கனமான மட்டும் சேர்ந்து துளையை உடைத்திருக்கும்.

வெயிட் எழுதும்போது பக்கத்திலேயே வெப்பநிலையையும் எழுதுங்கள். எண்ணெய் மட் சூடாக வரும்போது ஒரு எண், தொட்டியில் ஆறியபின் வேறு எண். ஷிஃப்ட் மாறும்போது அதை வைத்துத்தான் பாதிச் சண்டை.