கொன்சன்ட்ரேட்டுக்கு இரண்டு சொற்கள் வேண்டும்

வணக்கம்.

கொன்சன்ட்ரேட் (concentrate) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாகத் தம்பி முன்வைத்த ‘அடர்பானம்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பண்டங்களை எண் குறியீடுகளால் வகைப்படுத்தும் சுங்கத் தீர்வை அட்டவணைக்கு அது சரிவராது. அங்கே 2202ஆம் தலைப்பில் வரும் பானம், போத்தலைத் திறந்து அப்படியே குடிப்பது. தண்ணீரில் கரைத்தால்தான் பானமாகும் பாகும் கலவையும் பெரும்பாலும் பிற உணவுத் தயாரிப்புகளுக்கான 2106க்குள் போகும். பெயரிலேயே பானம் என்று முடித்துவிட்டால், வாசிப்பவர் 2202இல்தான் தேடுவார்.

பழச்சாற்றின் கதை வேறு. சாற்றிலிருந்து தண்ணீரை மட்டும் வற்றவைத்தால் அது பழச்சாறுகளுக்கான 2009இலேயே நிற்கும். எடுத்த அளவு தண்ணீரைத் திரும்ப ஊற்றினாலும் சாறுதான். அதற்கு மேல் ஊற்றினால் 2202. சீனியை அள்ளிப் போட்டுச் சாற்றின் இயல்பையே மாற்றினால் 2106. ஆகவே கொன்சன்ட்ரேட் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு பண்டங்கள் இருக்கின்றன.

வாழைச்சேனைப் பக்கம் விளாம்பழச் சர்பத் செய்யும் அக்கா ஒருவர், கனடாவுக்கு அனுப்பலாமா என்று கேட்டுப் போத்தலைக் கொண்டுவந்தார். லேபலில் ‘ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர்’ என்றிருந்தது. உள்ளே பழத்தைவிடச் சீனிப்பாகுதான் கூட. நாங்கள் எல்லாக் கொன்சன்ட்ரேட்டையும் ‘செறிசாறு’ என்று பொதுவாக எழுதிவைத்தால், அவர் படிவத்தில் 2009 என்றே போடுவார். அங்கே இறங்கும்போது தீர்வை மாறினால் நட்டம் அவருக்குத்தான்.

இங்கே இலங்கையில் பெறுமதி சேர் வரி பொதுவாக 18 வீதம் என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இறக்குமதித் தீர்வை குறியீட்டைப் பார்த்தே விழுகிறது. உள்நாட்டு வரியிலும் வகைப்படுத்தல் முக்கியம்தான். கேரளத்தில் ஆப்பி ஃபிஸ் என்ற வாயு ஏற்றிய ஆப்பிள் சாற்றுப் பானம் பற்றி, மாநிலத்தின் பெறுமதி சேர் வரியில் வழக்கு ஒன்று நடந்தது: வாயு ஏற்றிய மென்பானம் என்றால் 20 வீதம், பழச்சாறு சார்ந்த பானம் என்றால் 12.5 வீதம். வாயு இருந்தாலும் அது பழச்சாறு சார்ந்ததே என்று 2017இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒரே போத்தல், வகைப்படுத்தலில் மட்டும் ஏழரை வீத வித்தியாசம்!

என் முன்மொழிவு இதுதான். தண்ணீர் மட்டும் அகற்றிய சாறு ‘செறிசாறு’. கரைத்துக் குடிப்பதற்கான பாகும் கலவையும் ‘பானக்கரு’. கரு என்றால் முட்டை ஞாபகம் வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கருப்பொருள் என்று தினமும் சொல்கிறோமே, அப்போது யாருக்கும் முட்டை நினைவு வருவதில்லை. இன்னும் பானமாகாத நிலையை இச்சொல் சரியாகப் பிடிக்கிறது. கடைப் பேச்சில் கோடியல் (cordial), சர்பத் என்பவை அப்படியே இருக்கட்டும்.

தூளாக வரும் கலவைக்கும் பானக்கரு பொருந்துமா என்று கல்முனை, அக்கரைப்பற்று நண்பர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.