சொந்தக் கிணற்றுத் தண்ணீரை உணவகத்தில் குடிக்கக் கொடுப்பதற்கு அனுமதி எதற்கு? (விவாதம்)

நெடுஞ்சாலை உணவகத்தார்:
தருமபுரி மாவட்டத்தில், நெடுஞ்சாலை ஓரமாக, 60 பேர் அமர்ந்து உண்ணும் உணவகமும் அதன் மாடியில் 14 அறைகளும் நடத்திவருகிறேன். குடிநீர்த் திட்டக் குழாயிலிருந்து எனக்கு இதுவரை இணைப்புக் கிடைக்காததால், சொந்தப் பட்டா நிலத்தில் 700 அடி ஆழ்துளைக் கிணறு போட்டு, சமையலுக்கும் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் அதையே பயன்படுத்துகிறேன். நாளொன்றுக்கு 9,000 லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. நிலத்தடி நீரை எடுப்பதற்கான அனுமதியாகிய தடையின்மைச் சான்று கேட்டு விண்ணப்பித்துப் பதினொரு மாதங்கள் ஆகின்றன. ஒருமுறை சிட்டா பழையது என்றும், இன்னொருமுறை வரைபடத்தில் பக்கத்துக் கிணறுகளின் தூரம் இல்லை என்றும் விண்ணப்பம் திரும்பி வந்தது.

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமே, நிலத்துக்கு அடியில் உள்ள நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமை நில உடைமையாளருக்கு உண்டு என்கிறது. மத்திய அரசு 24.09.2020 அன்று வெளியிட்ட நெறிமுறைகளும், நாளொன்றுக்கு 10,000 லிட்டருக்குக் குறைவாக எடுக்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கின்றன. அப்படியிருக்க, தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்கும் ஆலைக்கும் எனக்கும் ஒரே நடைமுறை என்பதை என்னால் நியாயமாக ஏற்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற நிலநீர் ஆய்வாளர்:
ஐயா, தாங்கள் குறிப்பிட்ட மத்திய நெறிமுறைகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தா. நிலத்தடி நீரைத் தாமே ஒழுங்குபடுத்தும் மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. 2003-இல் இதற்கென இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013-இல் திரும்பப் பெறப்பட்டதால், 2014 ஜூலையில் வெளியான 142-ஆம் எண் அரசாணையைக் கொண்டே இன்று வேலை நடக்கிறது. அது மாநிலத்தின் குறுவட்டங்களை, அதாவது சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிரிவுகளை, நீரெடுப்பின் அளவைப் பொறுத்து வகைப்படுத்துகிறது. ஊறுவதைவிட அதிகமாக நீர் எடுக்கப்படும் அதிநுகர்வுக் குறுவட்டம் என்றால் வாசலிலேயே கதவு மூடியிருக்கும். பாதுகாப்பான குறுவட்டம் என்றால் ஆய்வுக்குப் பின் சான்று கிடைக்கும். ஆகவே, கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்பதற்கு முன், தங்கள் குறுவட்டம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள்.

உரிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வணிகத்துக்காக அனுமதியின்றி நிலத்தடி நீரை எடுப்பது திருட்டாகவே கருதப்படும் என்று 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1882-இன் வாசகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இனி யாரும் வாதாட முடியாது.

மாந்தோப்பு விவசாயி:
உணவகத்தாருடைய கிணற்றைப் போன்ற ஒன்றுக்குப் பக்கத்து நிலத்துக்காரன் நான். எங்களுடையது 55 அடித் திறந்த கிணறு. என் தாத்தா காலத்தில் வெட்டியது. ஒவ்வொரு தை மாதமும் பொங்கல் முடிந்த மறுநாள், தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியில் சுண்ணாம்புக் கோடு போட்டுவருகிறேன். முதல் கோடு பதினான்காம் படியில் இருக்கிறது, இந்த ஆண்டுக் கோடு முப்பத்தொன்றாம் படியில். எங்கள் பகுதி பாறை நிலம்; நீர் பாறை வெடிப்புகளில்தான் தேங்கி நகர்கிறது. 700 அடியில் ஒருவர் இறைப்பது 55 அடியில் நிற்கும் என்னைத் தொடாது என்று எந்த அதிகாரியாலும் எனக்கு உறுதி சொல்ல முடியவில்லை. 9,000 லிட்டர் சிறிய அளவுதான். ஆனால் அதே சாலையில் பத்து உணவகங்கள் இருந்தால் அது 90,000 லிட்டர் ஆகிறது. தனித்தனியாகப் பார்த்து எல்லோருக்கும் விலக்குக் கொடுத்துவிட்டால், அந்தக் கூட்டுத்தொகைக்கு யார் பொறுப்பு?

நெடுஞ்சாலை உணவகத்தார்:
தங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். ஆயினும், நிலத்தடி நீரில் பெரும்பங்கை எடுப்பது பாசனம்தான் என்பதையும், விவசாய மோட்டார்களுக்கு இலவச மின்சாரம் கிடைப்பதையும், அவற்றில் எத்தனை லிட்டர் இறைக்கப்படுகிறது என்று யாரும் அளப்பதில்லை என்பதையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு முழுமையாகாது. நான் அளவுமானி பொருத்தத் தயார், மழைநீர்ச் சேகரிப்புக் குழி ஏற்கெனவே வெட்டியிருக்கிறேன். அளப்பதற்கு இணங்குகிறவனை அலைய விடுவதுதான் என் மனத்தாங்கல். மற்றபடி தண்ணீர் நல்ல தண்ணீர், டி.டி.எஸ். மானியில் 420-தான் காட்டுகிறது.

மாந்தோப்பு விவசாயி:
பாசனத்தையும் அளக்கட்டும் என்பதே என் கருத்தும். ஆனால் அதுவரை மற்றவர்களை அளக்காமல் விடலாம் என்று அதற்குப் பொருள் ஆகாது.

நீர் ஆய்வகப் பணியாளர்:
இதுவரை பேசிய அனைவரும் எத்தனை லிட்டர் என்பதை மட்டுமே பேசியிருக்கிறீர்கள். உணவகத்தாரின் கடைசி வாக்கியம் எனக்கு உண்மையிலேயே கவலையைத் தருகிறது.

டி.டி.எஸ். மானி தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மதிப்பிட்டுக் காட்டுகிறது. அந்த 420-க்குள் என்னென்ன இருக்கின்றன என்று அதனால் சொல்ல முடியாது. தாங்கள் இருப்பது தருமபுரி மாவட்டம். பற்களையும் எலும்புகளையும் கெடுக்கும் புளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கே கொண்டுவரப்பட்டது. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 10500, குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை ஏற்கலாம் என்றும் வரையறுக்கிறது. மூன்று மில்லிகிராம் இருந்தாலும் சுவையோ மணமோ நிறமோ மாறாது, தங்கள் மானியிலும் அது தனியாகத் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடவே செய்யும். வழிப்போக்கர் ஒருவேளை குடித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் தங்கள் சமையலறையில் ஆண்டுக்கணக்காக வேலை செய்பவர்களும், அவர்களோடு அங்கேயே வளரும் பிள்ளைகளும் நாள்தோறும் அதையே குடிக்கிறார்கள். பல் முளைக்கும் வயதில் ஏறும் பழுப்புக் கறை பிறகு தேய்த்துப் போவதில்லை.

எடுக்கும் அளவுக்கு ஒரு சான்று, குடிக்கும் தரத்துக்கு ஓர் அறிக்கை என இரண்டும் தனித்தனியே நடக்கின்றன. முதலாவதற்காகப் பதினொரு மாதம் காத்திருக்கும் ஒருவர், இரண்டாவதை இன்றைக்கே யாரையும் கேட்காமல் செய்துகொள்ளலாம். அனுமதி முறையில் எனக்கு உள்ள குறையும் இதுவே: நீரின் தரத்தையும் அதே விண்ணப்பத்தில் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

நெடுஞ்சாலை உணவகத்தார்:
சிறியவர்களுக்குத் தனி நடைமுறை வேண்டும் என்ற கருத்திலிருந்து நான் விலகவில்லை. ஆனால் என் சமையல்காரரின் மகனுக்கு ஏழு வயது, முன்பற்களில் வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன. சத்துக்குறைவு என்று நினைத்திருந்தோம். மாதிரியை எப்படி எடுப்பது, எங்கே கொடுப்பது என்று சொல்லுங்கள்.

நீர் ஆய்வகப் பணியாளர்:
மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டியிலிருந்து எடுக்காமல் கிணற்றுக் குழாயிலிருந்தே பிடியுங்கள். வேதியியல் ஆய்வுக்குச் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் இரண்டு லிட்டர் போதும். அதே தண்ணீராலேயே புட்டியை மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். நுண்ணுயிர் ஆய்வுக்கான புட்டியை ஆய்வகமே கிருமி நீக்கித் தரும், அதை மட்டும் அலசக் கூடாது. நிரப்பியதும் பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். மாவட்டத் தலைநகரில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. அறிக்கை வரும் வரை, பையனுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரை ஊர்க் குழாயிலிருந்து பிடித்துக் கொடுங்கள்.