நகராட்சி டெண்டர்: ஊழல் அபாயத்தை எண்ணில் அளப்பது எப்படி?

கரிசல்காடு:
எங்கள் நகராட்சி டெண்டர் விவரங்களை எக்செல்லில் சேர்த்திருக்கிறேன். டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் நாடுகளுக்குப் போடுவதுபோல 0–100 மதிப்பெண் போடலாமா?

கணக்குப்பிள்ளை:
அது இதற்கு உதவாதுங்க. ஒரு நாட்டைப் பற்றி நிபுணர்களும் தொழில் செய்பவர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பதன் தொகுப்பு அது. நீங்கள் டெண்டர் டெண்டராகப் போங்கள்.

முதலில், விலைக் கவர் திறந்தது எத்தனை என்று எழுதுங்கள் (தகுதி ஆவணங்கள் உள்ள தொழில்நுட்பக் கவரில் தேறியவரின் விலைக் கவரை மட்டும்தான் திறப்பார்கள்). மூன்று வந்து, தொழில்நுட்பக் கவரிலேயே இரண்டு தள்ளுபடி என்றால் அது ஒற்றை டெண்டர்தான். வந்த எண்ணிக்கையை மட்டும் குறித்தால் இது தப்பிவிடும்.

அடுத்து, டெண்டர் போடத் தரும் அவகாசம். தமிழ்நாடு டெண்டர் விதிகள் 2000-இன்படி 2 கோடி ரூபாய் வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள் குறைந்தபட்சம். குறைக்க மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தக் கோப்புக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். மதிப்பீடுகள் 1.98, 1.99 கோடி என வரிசைகட்டி நின்றால், தெருப் பெயரை வைத்து ஒரே வேலையைப் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

தாமிரபரணி:
பேசிவைத்துப் போடும் டெண்டர் இதில் சிக்காது. மூன்று விலையும் ஒழுங்காக வந்திருக்கும். ஐட்டம் வாரியாகப் பார்த்தால் மண் தோண்டுவது, கான்கிரீட், கம்பி எல்லாவற்றிலும் இரண்டாமவர் சரியாக 4% கூட. தனித்தனியே கணக்குப் போட்டவர்களுக்கு அப்படி அமையாது. (நகராட்சி மதிப்பீட்டுக்கு மேலா கீழா, எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்கும் சதவீத அடிப்படை டெண்டரில் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை, எல்லா ஐட்டமும் ஒரே சதவீதம்தான் ஏறும்.)

இதற்கு கம்பாரேட்டிவ் ஸ்டேட்மெண்ட், அதாவது எல்லோருடைய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஒப்பீட்டு அட்டவணை வேண்டும். ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்டம்) மனுவில் “ஏன் இவருக்குக் கொடுத்தீர்கள்” என்று கேட்காதீர்கள். ஆவணத்தின் பெயர், டெண்டர் எண் போட்டு நகல் கேளுங்கள். அந்தச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவு, வணிக ரகசியம் என்று மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கரிசல்காடு:
ஒரே ஒப்பந்ததாரர் பெயர் நாலு விதமாக இருக்கிறது. யாருக்கு எத்தனை வேலை போனது என்றே எண்ண முடியவில்லை.

கணக்குப்பிள்ளை:
பெயரை விடுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணின் 3 முதல் 12 வரையுள்ள எழுத்துகள் பான் எண். அதை வைத்து எண்ணுங்கள். பங்குதாரர் வேறு பானில் இன்னொரு நிறுவனம் வைத்திருந்தால் முகவரியும் பார்க்க வேண்டிவரும்.

காலிக் கட்டத்தில் மட்டும் 0 போட்டுவிடாதீர்கள். விவரமே வெளியிடாத டெண்டர் சுத்தமானதாகத் தெரியும். “வெளியிடவில்லை” என்று தனிக் குறியீடு கொடுங்கள். அந்த விகிதத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பம்ப் உதிரிபாகத்துக்கு ஒரே ஆள் வருவது சகஜம், ரோடு வேலைக்கு அப்படியில்லை. இரண்டையும் ஒரே சராசரியில் கலக்காதீர்கள்.