போய்வந்த பிறகு வகுப்பில் என்ன மிச்சம்? மொரீசியஸ் அறிவியல் ஆசிரியர்கள், பெற்றோர் அனுபவங்கள்

ஃப்ளாக் பிசிக்ஸ் டீச்சர்:

கிரேட் 10, 11 பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே அறிவியல், இன்ஜினியரிங் நிகழ்ச்சிகளுக்கு அழைத்துப் போனவர்கள், கூடப் போன பெற்றோர், அங்கே வந்து பேசியவர்கள் எல்லாரும் எழுதுங்கள். இடம் எப்படி இருந்தது, சாப்பாடு கிடைத்ததா என்பதெல்லாம் இருக்கட்டும். திரும்பி வந்து வகுப்பில் என்ன செய்ய முடிந்தது? அதைச் சொன்னால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவும். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் காலேஜைச் (இங்கே உயர்நிலைப் பள்ளியைத்தான் காலேஜ் என்போம்) சுற்றிலும் கரும்பு. வெட்டுக் காலத்தில் ஒரு சர்க்கரை ஆலைக்கு அனுமதி கேட்டோம். பிள்ளைகளுக்கு அதில் பெரிய ஆசையில்லை. தாத்தா உழைத்த இடம், "படிக்காவிட்டால் அங்கேதான் போவாய்" என்று அப்பா மிரட்டும் இடம். ரெக்டரும், அதாவது தலைமையாசிரியரும், "வேறு இடமே கிடைக்கவில்லையா மிஸ்?" என்றார்.

அங்கே ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் கெமிஸ்ட் எங்களோடு வந்தார். முதலில் பாகு காய்ச்சும் பெரிய மூடிய கலங்களைக் காட்டினார். சாதாரணமாகப் பாகு 100 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், அந்தச் சூட்டில் சர்க்கரை நிறம் மாறிக் கெடும். அதனால் கலத்துக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். 65, 70 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிநிலையும் அழுத்தமும் என்று நான் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியபோது கொட்டாவி விட்ட பையன்கள், அந்தக் கண்ணாடி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நகரவில்லை.

அப்புறம் ஆய்வுக்கூடம். ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் சர்க்கரைக் கரைசலுக்குள் அனுப்பினால் அந்தத் தளம் திரும்பும். எத்தனை பாகை திரும்பியது என்பதை வைத்துக் கரைசலில் எவ்வளவு சர்க்கரை என்று சொல்லிவிடலாம். அதற்கான கருவிதான் போலாரிமீட்டர். கெமிஸ்ட் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே ஒரு பெண் கையைத் தூக்கினாள். அவளுடைய அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. "எங்கள் கரும்பில் சர்க்கரை குறைவு என்று எழுதுவது இந்த மெஷின்தானா? வருஷா வருஷம் அப்பா இதைத்தான் திட்டுவார்" என்றாள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. கெமிஸ்ட் அம்மாவோ சிரித்துக்கொண்டே அளவு தெரிந்த ஒரு கரைசலைக் கலக்கிக் கொடுத்து, "நீயே பார், மெஷின் பொய் சொல்கிறதா என்று சொல்" என்றார். அவள் பார்த்தாள், எழுதினாள், மறுபடியும் பார்த்தாள். வேன் டிரைவர் ஹாரன் அடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

பள்ளிக்கு வந்ததும் அதை நாங்களே செய்தோம். பழுதான கம்ப்யூட்டர் மானிட்டரில் இருந்து உரித்த, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தாள் இரண்டு துண்டு, ஒரு மஞ்சள் எல்இடி, 20 செ.மீ. உயரக் கண்ணாடிக் குழல், மேலே சுழற்றிப் பார்க்க ஒரு பாகைமானி. 100 மி.லி. கரைசலில் 30 கிராம் சர்க்கரை இருந்தால் கணக்குப்படி ஏறத்தாழ 40 பாகை திரும்ப வேண்டும். குழுவுக்குக் குழு 37, 39, 43 என்று வந்தது. ஏன் ஒரே விடை வரவில்லை என்ற சண்டையிலேயே ஒரு பீரியட் போய்விட்டது. இந்த மாதிரி சண்டைக்காக நான் எத்தனை பீரியட் வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன். அந்தப் பெண் மறுவாரம் வீட்டில் இருந்து கரும்புச் சாறு கொண்டுவந்தாள். ஒரே கலங்கல், ஒளியே ஊடுருவவில்லை. ஆலையில் சாற்றைத் தெளிய வைத்த பிறகுதான் ஏன் அளக்கிறார்கள் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரோஸ் ஹில் அம்மா:

டீச்சர், படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? என் மகனுக்குச் சனிக்கிழமையே கிடையாது. காலையில் மேத்ஸ் ட்யூஷன், அது முடிந்து கெமிஸ்ட்ரி, மாலையில் பிரெஞ்சு. காலேஜில் அறிவியல் கிளப் சனிக்கிழமை என்றார்கள். ட்யூஷன் சாரிடம் ஒரு நாள் லீவு கேட்டால், "எஸ்சி தேர்வில் ரோபோவா வரப்போகிறது?" என்கிறார். எஸ்சி என்றால் கிரேட் 11 முடிவில் வரும் ஸ்கூல் சர்டிஃபிகேட். மற்ற பிள்ளைகள் போகும்போது நம் பிள்ளை மட்டும் நிற்கிறானே என்று பயந்து நாமும் அனுப்பிவிடுகிறோம். இந்த ஊரில் யார் வீட்டில்தான் இந்தக் கதை இல்லை?

பெல் வில்லேஜில் இருக்கும் ராஜீவ் காந்தி அறிவியல் மையத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு போனோம். இந்திய உதவியோடு கட்டி 2004-இல் திறந்தது. வெளியே பூங்காவில் இருப்பவற்றைச் சின்னவள் தொட்டு, இழுத்து, ஏறி விளையாடினாள். பெரியவன் எல்லாம் தெரியும் என்ற முகத்தோடு போனை நோண்டிக்கொண்டிருந்தான். அங்கே வேலை செய்யும் ஒரு தம்பி அவனிடம் வந்து, "இது ஏன் இப்படி ஆகிறது, சொல்லு பார்க்கலாம்" என்று வம்புக்கு இழுத்தான். இவன் புத்தகத்தில் இருக்கும் விடையை ஒப்பித்தான். "சரி, அப்போ இதைத் தலைகீழாக வைத்தால்?" அவ்வளவுதான், போன் பாக்கெட்டுக்குள் போனது. வகுப்பில் ஒன்றும் செய்யவில்லைதான். ஆனாலும் அந்த நாள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் அளந்து நோட்டில் எழுத வேண்டுமா என்ன?

ஆய்வுக்கூட அண்ணன்:

நான் டீச்சர் இல்லை, ஒரு காலேஜில் லேப் அட்டெண்டன்ட். வருகிற நிகழ்ச்சிக்கெல்லாம் மேசை போடுவது, ஒயர் இழுப்பது, கடைசியில் கூட்டிப் பெருக்குவது எல்லாம் நான்தான். அதனால் எனக்கும் ஒரு கருத்து இருக்கலாம்.

ஒரு நிறுவனத்தார் ரோபோ கிட்டுகளோடு வந்தார்கள். பெரிய பேனர், எல்லாருக்கும் டி-சர்ட். நாலு பிள்ளைக்கு ஒரு பெட்டி. கோட்டைப் பின்தொடரும் வண்டி ஒன்றைச் செய்தார்கள், வண்டியும் ஓடியது, கைதட்டல், போட்டோ. மூன்று மணிக்குப் பெட்டிகளை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் பையன்கள் வந்து "அண்ணா, அந்தச் சென்சார் ஒன்றாவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். எங்கிருந்து கொடுப்பேன்? டி-சர்ட்டுக்குச் செலவழித்த காசில் நாலு பெட்டியாவது விட்டுப் போயிருக்கலாம். டீச்சர்களுக்கும் அன்றைக்கு வேலையில்லை, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்து, "நீங்களும் செய்யுங்கள், முதலில் சொதப்புங்கள்" என்று சொல்லியிருந்தால், பெட்டி போனாலும் அந்த வித்தை எங்களிடம் தங்கியிருக்கும்.

இன்னொன்று. நம் பிள்ளைகள் எழுதும் கேம்பிரிட்ஜ் தேர்வில் செய்முறைக்கு மாற்றாக ஒரு எழுத்துத் தாள் உண்டு. அதை நம்பிக்கொண்டு வருஷம் முழுக்க அலமாரியைத் திறக்காத இடங்களை எனக்குத் தெரியும். சாவி என்னிடம்தான். கேட்டால் திறக்கப் போகிறேன்.

கேட்டர் போர்ன் இன்ஜினியரிங் மாணவன்:

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் பங்குக்கு ஒன்று. 2021-இல் மிர்-சாட்1 போனபோது நான் காலேஜில் இருந்தேன். நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள், ஒரு பக்கம் 10 செ.மீ. தான். ஜூன் 3-ஆம் தேதி சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பியது, 22-ஆம் தேதி ஜப்பானியரின் கிபோ பகுதியில் இருந்து வெளியே விட்டார்கள். அன்று வீட்டில் எல்லாரும் நேரலை பார்த்தோம். பாட்டி மட்டும் "இவ்வளவுதானா?" என்றார்.

அதை ஒட்டி நான் கேட்ட ஒரு பேச்சில் ஓர் இன்ஜினியர், "அது தலைக்கு மேல் போகும்போது நமக்குப் பேச எவ்வளவு நேரம் கிடைக்கும்?" என்று கேட்டார். ஆளாளுக்கு ஒரு மணி, அரை மணி என்றோம். தாளை எடுத்துக் கணக்குப் போடச் சொன்னார். 400 கி.மீ. உயரம், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 90 நிமிடம். போட்டுப் பார்த்தால் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம்கூட வராது. அதற்குள் கட்டளை அனுப்ப வேண்டும், படம் இறக்க வேண்டும். நான் எலக்ட்ரானிக்ஸ் எடுத்ததற்கு அதுதான் காரணம் என்று சொன்னால் அம்மா நம்புவதில்லை. ட்யூஷன்தான் காரணமாம்.

கூர்ப்பீப் மேத்ஸ் மிஸ்:

எங்களுக்கு வாய்த்தது ப்ரா தோவில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி. தொலைநோக்கி என்றதும் பிள்ளைகள் குவிமாடத்தைத் தேடினார்கள். அங்கே இருப்பது கம்பிச் சுருள்கள்தான். கிழக்கு மேற்காக 2,048 மீட்டருக்கு 1,024 சுருள்கள். அதில் இருந்து தெற்கே 880 மீட்டருக்குத் தண்டவாளம், அதன்மேல் நகர்த்தக்கூடிய டிராலிகள். பெங்களூரின் ராமன் ஆராய்ச்சி நிலையம், இந்திய வான் இயற்பியல் நிறுவனம், நம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து தென்வானத்தை வரைபடமாக்கக் கட்டியது. தண்டவாளம் முழுக்கச் சுருள் நட்டால் செலவு தாங்காது, அதனால் கொஞ்சம் டிராலிகளை இடம் மாற்றி மாற்றி அளந்து, எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துப் பெரிய தொலைநோக்கி ஆக்கிவிட்டார்கள். எனக்கு அங்கே பிடித்தது இந்தக் கஞ்சத்தனம்தான். வகுப்பில் செய்தது சின்ன விஷயம்: அந்தத் தொலைநோக்கி பிடிக்கும் அலையின் அதிர்வெண் 151.5 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிக் கொடுத்து அலைநீளம் கேட்டேன். ஒளியின் வேகம் நொடிக்கு 300 மில்லியன் மீட்டர், அந்த 300-ஐ 151.5-ஆல் வகுத்தால் 2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. "ஓ, அதனால்தான் சுருள் அவ்வளவு பெரியதா!" என்று பின் பெஞ்சில் இருந்து சத்தம் வந்தது.

டர்பன் வாத்தியார்:

வணக்கம். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள், நாங்கள் கற்றது சனிக்கிழமைத் தமிழ். இங்கே தென்னாப்பிரிக்காவில் 1980-இல் இருந்து எஸ்காம் எக்ஸ்போ என்ற மாணவர் அறிவியல் கண்காட்சி நடக்கிறது. பிள்ளைகள் தாங்களே ஒரு கேள்வியை எடுத்து ஆராய்ந்து பலகை வைக்க வேண்டும். முதலில் வட்டார அளவில், தேறினால் நாட்டளவில். நான் வட்டார அளவில் நடுவராகப் போவதுண்டு.

பலகை பளபளவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும், அது அப்பாவின் கைவேலையாக இருக்கும். குறிப்பு நோட்டைத்தான் முதலில் கேட்பேன். மின்வெட்டு மோசமாக இருந்த சமயத்தில் ஒரு பெண் ஃப்ரீசரில் பொருள் எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கும் என்று அளந்திருந்தாள். ஒரு தடவை வெறும் தண்ணீர் பாட்டில், ஒரு தடவை உப்புத் தண்ணீர் பாட்டில் உறைய வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை. நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் குறுக்கே அடித்து, ஓரத்தில் "தம்பி ஐஸ்கிரீமுக்காகத் திறந்துவிட்டான்" என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தைக் கிழித்து எறியாமல் வைத்திருந்தாளே, அதற்கே நான் மதிப்பெண் போட்டேன். உப்பு போட்டால் ஏன் நல்லது என்று கேட்டேன். வெறும் பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும், உப்புத் தண்ணீர் அதற்கும் கீழேயே உருகுவதால் ஃப்ரீசரை இன்னும் குளிராகப் பிடித்து வைக்கும் என்றாள். மனப்பாடம் இல்லை. நடுவில் நிறுத்தி வேறு விதமாகக் கேட்டும் சொன்னாள்.

ஃப்ளாக் டீச்சருக்கு ஒரு யோசனை. ஜனவரியில் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே வருமே, அன்றைக்கு எங்கள் ஊரில் நிழல் விழும். இரண்டு பள்ளியும் சேர்ந்து பூமியின் சுற்றளவை அளக்கலாமா? கிட் எதுவும் வேண்டாம், பேனரும் வேண்டாம்.

ஃப்ளாக் பிசிக்ஸ் டீச்சர்:

வாத்தியார் ஐயா, இதை விடப்போவதில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டேன். போர்ட் லூயி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20.2 பாகை, டர்பன் 29.9. ஜனவரி 20, 21 வாக்கில் சூரியன் இங்கே உச்சியில். அன்று உங்கள் நடுப்பகலில் அது உச்சியில் இருந்து 9.7 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். ஒரு மீட்டர் கழி நட்டால் தெற்கே ஏறத்தாழ 17 செ.மீ. நிழல். இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக மட்டும் தூரம் 1,080 கி.மீ. அளவில் வரும். 360-ஐ 9.7-ஆல் வகுத்து 1,080-ஆல் பெருக்கினால் 40,000 கி.மீ. சொச்சம். உங்கள் பிள்ளைகள் 18 செ.மீ. என்று அளந்தால் கோணம் 10.2 பாகை ஆகி, 38,000-தான் வரும். ஒரு செ.மீ. எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று அவர்களே பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. விமான தூரத்தை யாரும் போட்டுவிடக் கூடாது, அது இரண்டரை மடங்குக்கும் மேல். அப்புறம் இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் அளப்பதில்லை, அவரவர் நடுப்பகலில். இங்கே 12:20, உங்கள் கடிகாரத்தில் 12:07 வாக்கில். கழி செங்குத்தா என்று பார்க்கக் கயிற்றில் கல் கட்டித் தொங்கவிட்டால் போதும். எங்களுக்கு அது சாப்பாட்டு இடைவேளையில் விழும்படி பார்த்துக்கொள்கிறேன், பாடம் கெடுகிறது என்று ரெக்டரும் சொல்ல முடியாது. ரோஸ் ஹில் அக்கா, வார நாளாக இருந்தால் உங்கள் மகனுக்கு ட்யூஷனும் தடைப்படாது, அவன் காலேஜிலும் ஒரு கழி நடச் சொல்லுங்கள்.

ரோஸ் ஹில் அம்மா:

சொல்கிறேன் டீச்சர். ஆனால் ஜனவரி என்றால் மழை, புயல் காலம். அன்றைக்கு மேகம் மூடிவிட்டால்?

ஃப்ளாக் பிசிக்ஸ் டீச்சர்:

மறுநாள் அளக்கலாம் அக்கா, அதற்கு மறுநாளும் அளக்கலாம். ஒரு நாள் தள்ளிப்போனால் ஒரு மீட்டர் கழியின் நிழல் 4 மி.மீ. அளவுதான் மாறும். சூரியன் புள்ளி இல்லையே, தட்டு. அதனால் நிழலின் நுனியே ஏறத்தாழ 1 செ.மீ. அகலத்துக்கு மங்கலாகத்தான் விழும். இரண்டு ஊரிலும் ஒரே தேதியில் அளந்தால் போதும். வாத்தியார் ஐயா, உங்கள் பள்ளி ஜனவரியில் என்றைக்குத் திறக்கிறது?