ஆறு மாதம் நிறையும் குழந்தைக்குப் பயணத்தின் நடுவே முதல் உணவைத் தொடங்கலாமா?

மதுரை இளந்தாய்:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு மே மாத முதல் வாரத்தில் ஆறு மாதம் நிறைகிறது. இதுவரை தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்கிறாள். எங்கள் குழந்தைநல மருத்துவர் சொன்னபடி தண்ணீர்கூடத் தனியாகக் கொடுத்ததில்லை. தலை நன்றாக நின்றுவிட்டது. மடியில் சாய்த்து உட்கார வைத்தால் உட்காருகிறாள். நாங்கள் சாப்பிடும்போது தட்டையும் எங்கள் வாயையும் மாறி மாறிப் பார்த்துக் கையை நீட்டுகிறாள்.

ஆறு மாதம் நிறைந்து பத்து நாள் கழித்துக் குடும்பத்துடன் ரயிலில் குருவாயூர் சென்று, அங்கே அவளுக்குச் சோறூட்டிவிட்டு, கோயம்புத்தூர் வழியாக ஊட்டிக்குப் போய்ச் சில நாள் தங்கித் திரும்புவதாகத் திட்டமிட்டிருக்கிறோம். மருத்துவர் ஆறு மாதம் நிறைந்த உடனேயே இணை உணவைத் தொடங்கச் சொல்கிறார். என் மாமியாரோ, குருவாயூரப்பன் சந்நிதியில் சோறூட்டும்வரை குழந்தையின் வாயில் வேறெதுவும் வைக்கக் கூடாது என்கிறார். அவர் மனம் நோகவும் எனக்கு விருப்பமில்லை, குழந்தைக்கு ஒரு குறை வரவும் விருப்பமில்லை. கோயிலில் தொடங்கினால், அடுத்த நாள்களில் ஊட்டியில் சமையலறை இல்லாத விடுதி அறையில் அவளுக்கு எதை, எப்படிக் கொடுப்பேன்? டப்பாவில் வரும் மாவு உணவை எடுத்துச் செல்லலாமா? ஊருக்குத் திரும்பும்வரை எல்லாவற்றையும் தள்ளிப்போடுவதுதான் நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் இருப்பேன்.

பாலக்காட்டுப் பாட்டி:

மகளே, நான் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் குருவாயூரில்தான் சோறூட்டினோம். எங்கள் வழக்கில் பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதத்திலும் ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதத்திலும் ஊட்டுவோம். உங்கள் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம் நடந்துகொண்டிருக்கும் என்பதால் மாதக் கணக்கில் ஒரு குறையும் இல்லை என்று உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள்.

மருத்துவர் சொல்லையும் மாமியார் சொல்லையும் ஒருசேரக் காப்பாற்ற வழி இருக்கிறது. சந்நிதியில் ஊட்டப்படுவது அரிசிச் சோறு. ஆகவே அரிசியை மட்டும் குருவாயூருக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டில் கேழ்வரகுப் பால், குழைய வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு, நன்றாகப் பழுத்த வாழைப்பழம் என்று தொடங்குங்கள். குழந்தை முதன்முதலில் சுவைக்கும் சோறு குருவாயூரப்பன் சோறாகவே இருக்கும். என் இரண்டாம் மருமகளுக்கு நான் சொன்ன யோசனையும் இதுதான். அவளுடைய மாமியாராக நானே சொன்னதால் வீட்டில் யாரும் மறுக்கவில்லை. உங்கள் மாமியாரிடம் நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் சொல்வது எளிதாக இருக்கலாம்.

சடங்கின்போது மசித்த சோற்றைப் பருக்கை அளவுக்கு நாக்கில் தடவினால் போதும். பாயசத்தை உதட்டில் தொட்டு எடுத்துவிடுங்கள். உறவினர் ஒவ்வொருவராக வந்து ஒரு வாய் ஊட்டும் வழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். எல்லோருடைய விரலும் குழந்தையின் வாய்க்குள் போக வேண்டியதில்லை. தாயோ தந்தையோ ஒருவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஊட்டினால் சடங்கு நிறைவாகவே நடந்ததாகும். தேனை மட்டும் யார் சொன்னாலும் தொடாதீர்கள்.

செவிலித் தாய்:

பாட்டியம்மாவின் யோசனையை மனமார வரவேற்கிறேன். குழந்தைகள் நலப் பிரிவில் பல ஆண்டுகளாகச் செவிலியாகப் பணியாற்றுகிறேன். என் கருத்தை ஒரே வரியில் சொல்வதானால், புதிய உணவைப் பழக்கும் இடம் வீடு. பழகிய உணவைக் கொடுக்கும் இடம்தான் பயணம்.

ஆறு மாதம் என்பதற்குக் காரணம் உண்டு. பிறக்கும்போது குழந்தையின் உடலில் இருக்கும் இரும்புச்சத்தின் சேமிப்பு ஏறத்தாழ அந்த வயதில் தீர்ந்துபோகிறது; தாய்ப்பாலில் இருந்து கிடைக்கும் இரும்பு அதன் பிறகு போதுவதில்லை. அதனால்தான் ஆறு மாதம் நிறைந்ததும் இணை உணவைத் தொடங்கி, இரண்டு வயதுவரையும் அதற்குப் பின்னும் தாய்ப்பாலைத் தொடரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த குழந்தைக்குச் சில நாள் தாமதத்தால் தீங்கு வராது, ஆனால் ‘ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று தொடங்கிய தாமதம் வாரக் கணக்கில் நீளும் வீடுகளைப் பார்த்திருப்பதால்தான் முன்னதாகவே தொடங்குங்கள் என்கிறேன். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருக்கிறது. இரும்புக்கு அதை மட்டும் நம்பிவிட வேண்டாம், பருப்பும் பின்னர் முட்டை, மீன், ஈரல் போன்றவையும் சேர வேண்டும்.

உங்களுக்குக் கிடைக்கும் பத்து நாளில் முதல் மூன்று நாள் கேழ்வரகுப் பால், அடுத்த மூன்று நாள் பருப்பு, அதன் பிறகு வாழைப்பழம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் போதும். முதலில் ஒரு நாளுக்கு ஒரு வேளை, இரண்டு மூன்று சிறு கரண்டி. கரண்டியைச் சாய்த்தால் உடனே ஒழுகி ஓடாமல் மெதுவாக வழுக்கி விழும் பதத்தில் இருக்கட்டும். தண்ணீரைப் போல நீர்த்த பருப்புத் தண்ணீர் வயிற்றை நிரப்புமே தவிரச் சத்தைத் தராது. உப்பும் சர்க்கரையும் வெல்லமும் ஒரு வயதுவரை தேவையில்லை. வாழைப்பழம் கொடுத்த மறுநாள் மலத்தில் கரிய நூல் துண்டுகளைப் போன்ற இழைகள் தெரிந்தால் புழு என்று அஞ்ச வேண்டாம்; அது பழத்தின் நார்தான்.

முட்டை, வேர்க்கடலை போன்ற ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள உணவுகளை நீண்ட காலம் தள்ளிப்போடத் தேவையில்லை என்பது இன்றைய மருத்துவக் கருத்து. ஆனாலும் அவற்றை முதன்முதலில் கொடுக்கும் நாள், பகல் வேளையாகவும் மருத்துவமனை அருகில் இருக்கும் நாளாகவும் அமைவது நல்லது. மலைப்பாதையில் அந்தச் சோதனை வேண்டாம். ஊர் திரும்பியபின் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியம்மா தேனைத் தவிர்க்கச் சொன்னது மிகச் சரி. ஒரு வயதுக்கு உள்பட்ட குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் விதைகள் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். சூடாக்கினாலும் அந்த விதைகள் எளிதில் அழிவதில்லை.

இனி, பயணத்தில் குழந்தைகளை உண்மையில் நோயாளியாக்கும் இரண்டைப் பற்றிச் சொல்கிறேன். முதலாவது, காலையில் சமைத்துக் கட்டி மதியம் ஊட்டும் உணவு. மே மாத வெயிலில், அதாவது 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், சமைத்த உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருந்து குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. அதிலும் மசித்த சோற்றில் ஒருவகைக் கிருமி விரைவாகப் பெருகி, திரும்பச் சூடாக்கினாலும் அழியாத நஞ்சை விட்டுச் செல்லும். வாய் வைத்த கரண்டி பட்ட மிச்சத்தையும் அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள். ரயிலிலும் கோயில் வரிசையிலும் இருக்கும் நாளில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. வெப்பத்தில் வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள், நீங்களும் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதுமான தண்ணீரை, 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கொதித்ததும் தானே நின்றுவிடும் மின்சாரக் கெட்டிலை மூடியைத் திறந்து வைத்தோ மறுபடி அழுத்தியோ கொதிக்க விடுங்கள். கிண்ணத்தையும் கரண்டியையும் அந்தத் தண்ணீரிலேயே அலசிக்கொள்ளலாம்.

டப்பா மாவு உணவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆறு மாதத்துக்கு உரியதாக, சர்க்கரை சேர்க்காததாக, இரும்பு சேர்த்ததாக இருந்தால் பயணத்துக்கு மட்டும் தவறில்லை. அதையும் வீட்டிலேயே ஒரு நாள் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். பிரிக்காத சிறு பொட்டலமாக எடுத்துச் செல்லுங்கள். அரிசி கலக்காததாகப் பார்த்து வாங்கினால் பாட்டியம்மாவின் ஏற்பாட்டுக்கும் பங்கம் வராது.

கோவைத் தந்தை:

மேலே இருவரும் சொன்னவற்றோடு பெரிதும் உடன்படுகிறேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் என் பார்வை சற்று வேறு. பயண நாளில் தாய்ப்பால் மட்டும் போதும் என்பது சரி. ஆனால் ஊட்டியில் தங்கும் நாள்களில் ஒரு வேளையையாவது தவறாமல் ஊட்டுங்கள். வேலை நாளில் அலுவலகம் ஓடும் என்னைப் போன்ற தந்தையர், குழந்தையை எதிரில் உட்கார வைத்து அரை மணி நேரம் பொறுமையாக ஊட்டக் கிடைப்பது விடுமுறையில்தான். எங்கள் மகனுக்குக் கரண்டி பழகியது அப்படித்தான், என் கையால்.

சமையலறை இல்லாத அறைக்குக் கைகொடுப்பது அவல்பொடி. கெட்டி அவலைப் புடைத்து, கழுவி, நிழலில் காயவைத்து, நிறம் மாறாமல் மொறுமொறுவென்று வறுத்து, ஆறியபின் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். அவல் ஏற்கெனவே வெந்த பொருள் என்பதால், கொதிநீரை ஊற்றிக் கட்டியில்லாமல் கலந்து ஐந்து நிமிடம் மூடிவைத்தாலே இளகிக் கூழாகிவிடும். பச்சரிசி மாவையோ கேழ்வரகு மாவையோ அப்படிச் செய்ய முடியாது. வெந்நீர் ஊற்றினால் கெட்டியாகுமே தவிர உள்ளே வேகாது, குழந்தைக்கு வயிறு உப்பிவிடும். சோறூட்டல் முடிந்தபின்தானே ஊட்டிக்குப் போகிறீர்கள், ஆகவே அவலுக்கும் தடையில்லை. வாழைப்பழத்தை அங்கேயே வாங்கலாம். தோல் பிளக்காத பழமாகப் பார்த்து வாங்கி, ஊட்டும் நேரத்தில் உரித்து மசியுங்கள்.

விடுதிச் சமையலறையில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், உப்பும் மசாலாவும் இல்லாமல் ஒரு காரட்டையோ உருளைக்கிழங்கையோ ஆவியில் வைத்துத் தருவார்கள். அவை உங்கள் மகளுக்குப் புதிய உணவு என்பதால், செவிலித் தாய் சொன்னதை மதித்து, வீட்டில் கொடுத்துப் பழக்கியிருந்தால் மட்டும் கேளுங்கள். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் குழையாது. குக்கரில் வைத்ததா என்று கேட்டு, விரலால் நசுக்கிப் பார்த்தபின் ஊட்டுங்கள்.

ஓடும் வண்டியில் எதையும் ஊட்டாதீர்கள். மேட்டுப்பாளையத்துக்கு மேலே ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குழந்தையின் தலை ஒருபுறம் சாயும். அந்த நேரத்தில் வாயில் கூழ் இருந்தால் புரையேறும். இந்த வயதுக் குழந்தைகளுக்கு வளைவுப் பாதையில் குமட்டல் வருவது அரிது. வாந்தி எடுத்தால் பெரும்பாலும் வயிறு நிறைந்திருந்ததுதான் காரணம். அடிவாரத்தில் பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, சிறிது நேரம் கழித்து மலையேறுங்கள்.

மதுரை இளந்தாய்:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அரிசியை மட்டும் ஒதுக்கி வைக்கும் யோசனையை என் கணவர் அத்தையிடம் சொன்னார். சற்று நேரம் யோசித்துவிட்டு, கேழ்வரகை முளைகட்டித் தாமே பால் எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். ஆறு மாதம் நிறையும் அன்றே வீட்டில் தொடங்கப்போகிறோம். அவல்பொடிக்கு அவலும் வாங்கியாயிற்று. இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. பயணத்தில் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஊட்டுவதை நிறுத்திவிட வேண்டுமா? எந்த நிலையில் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

செவிலித் தாய்:

நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், பழகிய உணவையும் அவள் ஏற்கும் அளவுக்குக் கொடுங்கள். மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை முறைப்படி என்று அச்சிட்ட ஓஆர்எஸ் பொட்டலங்கள் இரண்டை இப்போதே வாங்கிப் பையில் வையுங்கள். அதே பெயரைப் போலத் தோன்றும் இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடல்ல. பொட்டலத்தில் குறித்த அளவு கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, ஒவ்வொரு முறை நீராகப் போனபின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர்வரை கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து எதையும் நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. துத்தநாக மருந்தின் அளவை உங்கள் மருத்துவரிடம் புறப்படும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, கண் குழிந்திருக்கிறது, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடக்கிறாள், மலத்தில் இரத்தம் தெரிகிறது, குடித்ததை எல்லாம் வாந்தி எடுக்கிறாள் என்றால் அறையில் காத்திருக்காதீர்கள். உணவு கொடுத்தபின் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதம் கூடாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 108 எண்ணை அழைக்கலாம். தங்கும் இடத்துக்கு அருகில் குழந்தைகள் மருத்துவர் இருக்கும் மருத்துவமனை எது என்று அறை எடுக்கும்போதே விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணை உங்கள் கணவரின் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.